சாம்பிளுக்கு ஒத்துவராத பட்டாம்பூச்சி

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது, பாறைமேல் வட்டவட்டமாக நறுக்கி வைத்திருந்த வாழைப்பழம். பழம் கறுத்திருந்தது. புளித்த வாடை பாதைவரை வந்தது. பாறைக்குப் பக்கத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சுடிதார், கான்வாஸ் ஷூ, கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. ஞாயிற்றுக்கிழமை எதற்கு அட்டை என்று கேட்டேன்.

"ஃபாரஸ்ட் ஆளுங்க வந்தா காட்டணும் இல்ல சார். காட்டுக்குள்ள உக்காந்து பழம் நறுக்கிட்டிருக்கேன்னா யாரு நம்புவாங்க?"

அவர் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பதுக்குள். ஆம்பூர்–வாணியம்பாடி நெடுஞ்சாலையில் உள்ள ஒரு ஷூ தொழிற்சாலையில் தரப் பரிசோதனை மேசையில் வேலை. இடம், ஏலகிரி அடிவாரத்தில் ஒரு கானாற்றுப் பாதை. ஆற்றில் தண்ணீர் இல்லை. மே மாதக் கடைசி.

மாவட்டச் செய்தியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், பெரிய செய்திகளை எப்படிக் கையாண்டீர்கள் என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். தேர்தல், வெள்ளம், தொழிற்சாலை விபத்து. அவற்றுக்கெல்லாம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரைக் கேட்பது, எதை முதலில் எழுதுவது என்று ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, அச்சில் ஒரு வரிகூட வராத ஒரு செய்திக்காக அலைந்தேன். நாற்பது வருட வேலையில் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருவது அதுதான். அதைச் சொல்கிறேன்.

எங்கள் நாளிதழ் முகவர் ஒருவர் சொல்லித்தான் அங்கே போனேன். ஒரு பெண் மாசி மாதத்திலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து ஒரு பட்டாம்பூச்சியைத் தேடுகிறார் என்றார். சுற்றுச்சூழல் தினத்துக்கு மாவட்டப் பதிப்பில் ஒரு சிறப்புப் பக்கம் போடவிருந்தோம். அதற்கு ஆகும் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஈரப் புல்லில் உட்கார்ந்திருக்கும் சிறிய பட்டாம்பூச்சி. சிறகு மூடியிருக்கிறது. அகலம் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம். சிறகின் ஓரத்தில் வரிசையாகக் கண்கள்: கறுப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் புள்ளி, வெளியே மஞ்சள் வளையம். பின்சிறகில் மட்டும் ஏழு. கண்களுக்கு உள்பக்கமாக, இரண்டு சிறகையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெளிர் கோடு.

"அவரு எடுத்தது சார். ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரம். ஐப்பசி மாசம், செம மழை. ரெண்டு பேரும் இதே எடத்துல ஒதுங்கி நின்னோம்."

அவர் என்று சொன்னது கணவர் தேவாவை. தோலுக்கு நிறமேற்றும் ஃபினிஷிங் மாஸ்டர். எங்கள் பக்கத்து மாஸ்டர்களுக்கு ஆப்பிரிக்காவில் கிராக்கி உண்டு. அவர் எத்தியோப்பியாவில் ஒரு தோல் ஆலையில் இருந்தார். ஒப்பந்தம் இரண்டு வருடம். அது முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கிறாரா, திரும்புகிறாரா என்பதை ஜூன் முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

"நீங்க வரச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா வருவாரு சார். வந்து, நான் சொன்னதால வந்தேன்னு இருபது வருசம் சொல்லிக்காட்டுவாரு. அவருக்கா தோணணும்." வாழைப்பழத் துண்டொன்றைத் திருப்பி வைத்தார். "நம்ம ஊர்ல இன்னா இருக்கு, ஃபேக்டரியும் வெயிலும்தானேன்னு கேப்பாரு. ஆனா ஞாயித்துக்கிழமை போன் பண்ணா மொத கேள்வி, 'அது வந்துச்சா?' நான் வரட்டான்னு கேக்க மாட்டாரு சார். அது வந்துச்சான்னுதான் கேப்பாரு."

இதற்குள் பழத்துக்குப் பூச்சிகள் வந்திருந்தன. ஈ, எறும்பு, ஒரு வண்டு. அவற்றோடு மூன்று பட்டாம்பூச்சிகளும். காய்ந்த இலையின் நிறம். கண் எதுவும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி குத்தியதுபோல மங்கிய புள்ளிகள். அவை தரையில் இறங்கியதும் சருகுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டெல்லா துப்பட்டா நுனியால் விசிறி அவற்றை விரட்டினார்.

"இது வேற சார். வாரா வாரம் இதுதான் வருது. பேஜார் புடிச்சது."

"அதே அளவுதானே இருக்கு?"

"அளவு சரிதான். சாம்பிள்ல ஏழு கண்ணு. இதுல ஒண்ணு காட்டுங்க பாப்போம்? ரிஜெக்ட்."

சிரித்தார். ஆனால் அவர் வேலையே அதுதான். வாங்குபவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட ஒரு ஜோடி ஷூவை மேசைக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் சாம்பிள். தையல், நிறம், வளைவு எல்லாவற்றையும் அதனோடு ஒத்துப்பார்த்துத்தான் பெட்டிக்குள் விட வேண்டும். "நல்லா இருக்கான்னு பாக்கக் கூடாது சார், சாம்பிள் மாதிரி இருக்கான்னு பாக்கணும். நல்லா இருக்கேன்னு விட்டவங்கல்லாம் வீட்டுக்குப் போய்ட்டாங்க" என்றார்.

நானும் அவர் காட்டிய படத்தையும் பாறையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தில் இருந்த கண்கள் பாறையில் இல்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. சருகு நிறப் பூச்சியின் சிறகிலும் குறுக்கே ஒரு கோடு ஓடியது. மிக மங்கலாக, இலையின் நடு நரம்புபோல.

ஒன்பதரைக்கு ஸ்டெல்லா பாதையில் சற்று மேலே ஏறினார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். தேவா திரையில் வந்தார். குளிருக்குக் காது மூடிய தொப்பி. பின்னால் தகரக் கூரை.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"மூணு மாசமா இல்லன்னா இல்லதான் ஸ்டெல்லா. போயிருக்கும். எல்லாந்தான் போச்சு." பிறகு என்னைப் பார்த்துவிட்டார். "யாரு அது, பின்னாடி?"

"பேப்பர்காரர். எழுதப்போறாராம்."

"இன்னான்னு? பொண்டாட்டி காட்ல பழம் வச்சிட்டு பூச்சி புடிக்கறான்னா?" சிரித்துவிட்டு என்னிடம், "சார், பேப்பர்ல இன்னா வருதுன்னு பாக்கறேன். நம்ம ஊர் பேப்பர் இங்க போன்ல வந்துடும். காலைல மொத வேல அதான்" என்றார்.

புதன்கிழமை அலுவலகத்தில் செய்தி ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வேகமானவர். நான் சொல்லி முடிப்பதற்குள் தலைப்பு வைத்துவிட்டார்: 'கானாற்றில் அழிந்துபோன கண்கள்'.

"அண்ணே, இதுதான் பக்கத்துக்கு லீடு. படம் இருக்கு, தேடற அம்மா இருக்கு, வெளிநாட்ல புருசன் இருக்காரு. தோல் கழிவுன்னு ரெண்டு பாரா சேத்துக்கங்க. ஆறு மணிக்குப் பக்கம் முடிக்கணும்."

"அந்த இடம் எல்லாத் தோல் ஆலைக்கும் மேல இருக்கு. கழிவு மலையேறாது."

"சரி, கழிவு வேணாம். அழிஞ்சது உண்மைதானே?"

"அவங்களுக்குக் கிடைக்கலன்றது உண்மை."

"மூணு மாசம் தேடியும் கிடைக்கலன்னா வேற என்ன ஆதாரம் வேணும் அண்ணே? பூச்சி வந்து கையெழுத்துப் போடணுமா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டதில் தவறில்லை. செய்தி என்றால் அது அப்படித்தான் கைக்கு வரும்: முக்கால்வாசி உண்மையாக, மாலை ஆறு மணிக்குள். படமும் பேட்டியும் கையில் இருக்கும்போது இன்னொரு கேள்வி கேட்பது நேரத்தை வீணடிப்பதாகத் தெரியும். ஒன்று இருக்கிறது என்று எழுத அதை ஒருமுறை பார்த்தால் போதும். இல்லை என்று எழுத, எங்கே, எப்போது, எப்படிப் பார்த்தோம் என்று மூன்றுக்கும் பதில் வேண்டும். எங்கே என்பதற்கும் எப்படி என்பதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எப்போது என்று நான் யோசிக்கவே இல்லை. இன்னொன்றும் இருந்தது. பக்கம் வெளியானால், அதை முதலில் படிக்கப்போகும் ஆட்களில் ஒருவர் எத்தியோப்பியாவில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழிந்தது என்று பேப்பரே சொன்ன பிறகு ஸ்டெல்லா என்ன சொன்னாலும் அது மனைவியின் சமாதானம்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பேராசிரியை ஒருவரை அழைத்தேன். நாட்றம்பள்ளியில் ஒரு திருமணத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டார். நான் முழுவதும் சொன்ன பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"படம் எடுத்தது எந்த மாதம்?"

"ஐப்பசி."

"நீங்க போனது வைகாசி. பழத்துக்கு வந்ததுல கோடு இருந்ததா?"

"இருந்தது. மங்கலா."

"அப்ப அதேதான் சார். புஷ் பிரவுன்னு சொல்வோம். மழைக்காலத்துல பொறந்தா கண் இருக்கும். வறட்சியில பொறந்தா கண் இருக்காது. ஒரே பூச்சி, ரெண்டு உடுப்பு." மேளம் உயர்ந்தது, கொஞ்சம் நகர்ந்து வந்து பேசினார். "மழையில புல் பச்சையா இருக்கும்போது பறவை கொத்த வந்தா, கண்ணைப் பாத்து சிறகோரத்தைக் கொத்தும், பூச்சி உயிர் தப்பிக்கும். வெயில் காலத்துல சருகுமேல கண்ணோட உக்காந்தா காட்டிக்குடுத்துடும். அதனால கண்ணை வெக்கறதே இல்ல."

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"மழைக்காலத்தது சில வாரம். முட்டை போட்டு முடிஞ்சிடும். வறட்சியில பொறந்தது மாசக்கணக்குல இருக்கும். பெரும்பாலும் முட்டைகூடப் போடாது. புல்லு இல்லாம பிள்ளைங்க எதைத் தின்னும்? மழை வர்றவரைக்கும் சும்மா இருக்கும்."

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. செய்தி ஆசிரியரிடம் போய், பூச்சி அழியவில்லை, பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப இருக்குன்னு எழுதுங்க அண்ணே."

"எழுதலாம். நான் பாறையில எடுத்த சருகு நிறப் படம்தான் இருக்கு."

படத்தைப் பார்த்தார். "இதுல பூச்சி எங்க?"

காட்டினேன். காட்டிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் துணிப்பை பற்றிய ஒரு கட்டுரை போனது. செய்தி ஆசிரியர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். எழுதாமல் விட்ட செய்திக்கு யாரும் பாராட்டுவதில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லாவிடம் நேரில் சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அவர் பழம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மண்டியிட்டு, பாறையோரத்துச் சருகுக்கு முகத்தைக் கொண்டுபோனார். இரண்டு உட்கார்ந்திருந்தன.

"மூணு மாசமா இதத்தான் வெரட்டிட்டிருந்தேனா?"

"நானும்தான் பார்த்தேன்."

"உங்களுக்கு இன்னா சார், நீங்க ஒருவாட்டி வந்தீங்க." விரலால் கோட்டைத் தொடாமல் தொட்டுக்காட்டினார். "தோ இருக்கு பாருங்க. கோடு இருக்கு. டேபிள்ல இத நான் கவனிக்காம விட்டிருக்க மாட்டேன் சார். கோட்டத்தான் மொதல்ல பாப்பேன்."

படம் எடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் எடுத்த படங்களில் அதுதான் மிகக் கூர்மையானது. மேலே ஏறி அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"இது வேற ஸ்டெல்லா. கண்ணு எங்க?"

அவர் விளக்கினார். மழை, வறட்சி, பறவை எல்லாம் சொன்னார். தேவா பொறுமையாகக் கேட்டார்.

"நானும் தோல்ல நெறம் ஏத்தறவன்தான். வெயிலுக்கும் மழைக்கும் ஷேடு மாறும், ஒத்துக்கறேன். டிசைனே மாறுமா?"

"படிச்சவங்க சொல்றாங்க."

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. சாம்பிளும் இதுவும் பக்கத்துல வச்சா நீயே பாஸ் பண்ணுவியா?"

ஸ்டெல்லா "மழை வரட்டும், காட்டறேன்" என்றார்.

"எப்ப வரும்?"

அந்த வருடம் கோடை மழை ஏமாற்றியிருந்தது. ஜூன் முழுக்கப் பகலில் மேகம் கூடி, மாலையில் ஆந்திரப் பக்கம் போய்விடும். வாணியம்பாடியில் மூன்று நாள் தூறியது. அடிவாரத்தில் தூசிகூட அடங்கவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்றுவிட்ட எனக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை இல்லை. பாறையோரத்துச் சருகில் அவையும் இருந்தன. எண்ணிக்கை குறைந்திருந்தது. சிலவற்றின் சிறகோரம் கிழிந்திருந்தது.

ஜூலை மூன்றாவது வாரம் மழை பெய்தது. ஒரே இரவில் அல்ல, தொடர்ந்து நான்கைந்து நாள். அடுத்த ஞாயிறு சருகுக்கு நடுவே புல் ஊசி ஊசியாகக் கிளம்பியிருந்தது. கிழிந்த சிறகோடு ஒன்று புல்லுக்குப் புல் தாவி, வயிற்றை வளைத்து எதையோ ஒட்டவைத்துவிட்டுப் போனது. ஸ்டெல்லா குனிந்து பார்த்து என்னை அழைத்தார். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை. வெளிர் பச்சை. பனித்துளி என்று தாண்டிப்போகலாம்.

அதன் பிறகு அவற்றின் வாழ்க்கையை நாங்கள் வாரத்துக்கு ஒருநாள் என்ற கணக்கில்தான் பார்த்தோம். முட்டை இருந்த இடத்தில் மறுவாரம் நூல்போல ஒரு புழு. தலையில் இரண்டு சிறு கொம்பு, முகம் பூனை முகம். பகலில் புல்லின் அடியில் அசையாமல் கிடக்கும். மேலே புல்லின் விளிம்பு மட்டும் வாரத்துக்கு வாரம் கடிபட்டுக் குறைந்திருக்கும். ஒரு வாரம் புழு பச்சை, இன்னொரு வாரம் பழுப்பு. அதே புழுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு புழுக்களைப் பார்த்து வைத்திருந்தோம். இரண்டை எறும்பு கொண்டுபோனது. ஒன்றில் குளவி ஏதோ செய்துவிட்டது. ஒன்றை மாடு மேய்ந்தது. மிச்சம் இரண்டு, ஆகஸ்ட் மாத நடுவில் புல்லின் அடியில் தலைகீழாகத் தொங்கின. பச்சைக் கூடு, பட்டாணி அளவு.

"உள்ள கண்ணு போட்டுட்டிருக்குமா சார்?"

"போட்டுட்டிருக்கணும்."

"இல்லன்னா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் போய்ச் சேர்வதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டிருந்தார். கை காட்டி என்னைப் பாதையிலேயே நிறுத்தினார். பிறகு மெதுவாக வரச் சொன்னார். ஒரு கூடு காலி. கண்ணாடித் தாள்போல இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, புல்லின் நுனியில், சிறகை மூடிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. கறுப்பு வட்டம், வெள்ளைப் புள்ளி, மஞ்சள் வளையம். கோடு பளிச்சென்று இருந்தது.

அவர் படம் எடுக்கவில்லை. செல்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "இங்கருந்து வீடியோ போவுமா சார்?"

போகாது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அழைத்தார். அன்று போனது. திரையில் தேவாவின் முகம் துண்டு துண்டாக வந்தது. ஸ்டெல்லா கேமராவைத் திருப்பினார்.

திரையில் அவர் முகம் அசையாமல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"ஏய்" என்றார் தேவா. "ஏய், அதேதான்! அதே ஷேடு. கிட்டக்க போ. கிட்டக்க போன்னா, காத்தடிக்கப் போவுது."

"கத்தாதீங்க, பறந்துடும்."

"ஏழு இருக்கா எண்ணு."

"நீங்களே எண்ணுங்க."

அவர் எண்ணத் தொடங்கினார். சிறுபிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ஐந்தாவதில் படம் உறைந்துவிட்டது. ஸ்டெல்லா கையை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சிக்னல் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டாம்பூச்சி சிறகை ஒருமுறை விரித்து மூடி, புல்லுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தள்ளாடிப் பறந்து, கானாற்றின் நிழலுக்குள் போனது.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போதுதான் அவர் சொன்னார். தேவா ஜூன் இருபத்தெட்டாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் இரண்டு வருடம்.